அரைக் காசு குறைத்த கதை

அம்மாவுக்குத் தமிழ்ச் செய்தி பார்க்காமல் சோறு இறங்காது. ஒரு நாள் இரவு, உக்ரேனில் விழுந்த ஒரு டிரோனைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்திருந்ததைக் காட்டினார்கள். கருகிய இறக்கை, நசுங்கிய எஞ்சின், பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பச்சை அட்டை. சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"டேய், அது போர்டுதானே? கறுப்புக் கறுப்பா இருக்கே, அதெல்லாம் எங்க வேலை மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல செஞ்சதான்னு பாரு."

பார்த்தேன். என் பிழைப்பும் அதுதான். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பழுதாய்வுப் பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் செத்த சிப்புகளை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. பிணப் பரிசோதனை மாதிரி. எந்தச் சிப்பைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் அதன் முதுகில் பொறித்த எழுத்துக்குத்தான் போகும். யார் செய்தது, எந்த ஆண்டு, எந்த வாரம், எந்த நாட்டில் பிசின் உறைக்குள் அடைத்தது. அதே படத்தை இணையத்தில் தேடி எடுத்து, கைபேசியில் விரித்து விரித்துப் பார்த்தேன். எழுத்து கட்டம் கட்டமாக உடைந்ததுதான் மிச்சம்.

"தெரியலம்மா."

அம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

படம் தெளிவாக இருந்திருந்தால் மட்டும் என்ன? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். உலகத்தில் சிப்புகளை அடைத்துச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாக அரசாங்கம் பெருமையாகச் சொல்லும். அதன் நடுநாயகம் பினாங்கு. 2022 ஆகஸ்டில் லண்டனில் உள்ள ரூசி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ரஷ்யாவின் 27 வகை ஆயுதங்களுக்குள் வெளிநாட்டில் செய்த 450 பாகங்களாவது இருப்பதாகக் கணக்கெடுத்தது. பெரும்பாலானவற்றில் அமெரிக்கக் கம்பெனிகளின் பெயர். அமெரிக்கப் பெயர் போட்டிருந்தால் அமெரிக்காவில் அடைத்தது என்று அர்த்தமில்லை என்பது பாயான் லெப்பாஸில் கம்பெனி பஸ் ஏறும் எவருக்கும் தெரியும்.

அம்மா வேலைக்குச் சேர்ந்தது 1975-ல், பத்தொன்பது வயதில். கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் கித்தா (ரப்பர்) தோட்டத்துப் பெண். 1969-ல் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து, ஊரில் பாதிப் பேர் வேலை தேடி அலைந்த காலம். முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளை வலிய அழைத்துவந்தார். 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழில் வட்டாரம் திறந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் போட்டது; ஹிட்டாச்சி, போஷ், ஹியூலெட் பேக்கார்ட் என்று வரிசையாக வந்தார்கள். தீவுக்குப் பாலம் வர 1985 ஆனது. அதுவரை அம்மா விடியுமுன் எழுந்து, பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, இந்தப் பக்கம் இறங்கிக் கம்பெனி பஸ் பிடித்துப் போய்த்தான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

என்ன வேலை என்று நான் சின்ன வயதில் கேட்டால், "தங்கக் கம்பி கட்டுறேன்" என்பார். பள்ளியில் போய் எங்க அம்மா நகை செய்கிறார் என்று சொல்லி அடி வாங்காத குறை. உண்மையில் தங்கம்தான். தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன். சிலிக்கான் துண்டின் ஓரத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத திட்டில் ஒரு முனையை ஒட்டி, சின்னதாக வளைத்து, மறு முனையை வெளியே போகும் காலில் ஒட்ட வேண்டும். ஒரு சிப்புக்கு இத்தனை கம்பி, ஒரு ஷிப்டுக்கு இத்தனை சிப்பு. வளைவு தாழ்ந்தால் சிலிக்கானின் விளிம்பைத் தொட்டுவிடும். உயர்ந்தால் மேலே ஊற்றும் கறுப்புப் பிசினில் சாய்ந்துவிடும். பிறகு இயந்திரங்கள் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டன. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினார். அவர் கட்டிய சிப்புகள் கால்குலேட்டருக்குப் போகின்றன, கடிகாரத்துக்குப் போகின்றன என்று சூப்பர்வைசர் சொல்வாராம். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை.

அம்மாவின் காலத்திலிருந்து என் காலம்வரை அந்தத் தரையில் மாறாத ஒரே மந்திரம் 'காஸ்ட் டவுன்'. வாரத்துக்கு ஒரு கூட்டம். ஒரு சிப்புக்கு அரைக் காசு குறைத்துக் காட்டிய பிரிவுக்கு அந்த மாதம் நாசி பிரியாணி. நானும் சாப்பிட்டிருக்கிறேன். சோதிக்கும் நேரத்தில் ஒரு வினாடியைக் குறை, பிசினை மாற்று, தட்டில் இன்னும் இரண்டு வரிசை கூட்டு. ஐம்பது வருஷமாக இந்தத் தீவில் தோட்டத்துப் பிள்ளைகளும் கம்போங் பிள்ளைகளும் சீனத் தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளைகளும் சேர்ந்து செய்த சாதனையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: விலையை இறக்கினோம். கைபேசி ஏழை வீட்டுக்குள் வந்தது அதனால்தான். எனக்கு இப்போதும் அதில் பெருமை உண்டு. இந்தக் கட்டுரை எழுத ஆறு மாதம் தள்ளிப்போட்டதற்கும் அந்தப் பெருமைதான் காரணம்.

அக்கா மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன். கண்ணில் மூடி போட்டுக்கொண்டு ஓட்டும் வேக டிரோன் ஒன்றும் வைத்திருக்கிறான். விமான நிலையம் பக்கம் என்பதால் எங்கள் பகுதியில் பறக்கவிட முடியாது. பாலிக் புலாவ் வயல்வெளிப் பக்கம் போவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பனைமரத்தில் மோதி உடைத்துக்கொண்டு வந்தான். சமையலறை மேசையில் இருவரும் அதைப் பிரித்தோம்.

நான்கு மோட்டார். அவற்றுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஓர் அட்டை. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய இன்னோர் அட்டை, அதுதான் மூளை. அதன்மேல் அரிசி மணியளவுக்கு ஓர் உணரி. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மூளைக்குச் சொல்லும். கைபேசியைப் படுக்கப் போட்டால் படமும் படுத்துக்கொள்கிறதே, அந்த வேலையைச் செய்யும் அதே ஜாதிப் பொருள். ஒரு கேமரா, ஒரு சின்ன ஒளிபரப்பி, ஒரு பேட்டரி. அவ்வளவுதான்.

"மாமா, இதுல எது ரொம்ப விலை?" என்று சோதிப்பதுபோல் கேட்டான். பதில் அவனுக்கே தெரியும். எதுவுமே விலை இல்லை. சாய்வு உணரி ஒரு காலத்தில் ஏவுகணை, விமானம் போன்றவற்றுக்குள் இருந்த சாமான். வீட்டு விலைக்குச் சமம். கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு அது தேவைப்பட்டபோது எங்களைப் போன்றவர்கள் அரைக் காசு அரைக் காசாக அதன் விலையை இறக்கினோம். ஒரு கட்டத்தில் அது பொம்மைக்குள்ளும் போடும் விலைக்கு வந்தது. பொம்மைக்கு வந்தது போர்முனைக்குப் போக அதிக நாள் பிடிக்கவில்லை.

2020-ல் கராபாக் மலையில் அசர்பைஜானும் ஆர்மீனியாவும் 44 நாள் மோதியபோது, துருக்கியின் பைராக்தார் டிரோன்கள் டாங்கிகளை வேட்டையாடிய காட்சிகளை உலகம் வாய் பிளந்து பார்த்தது. அது அப்போதும் அரசாங்கங்கள் வாங்கும் பொருள். ஒன்று சில மில்லியன் டாலர். உக்ரேனில் நடந்தது வேறு. அங்கே முன்வரிசையில் பறப்பது என் மருமகன் உடைத்தானே, ஏறக்குறைய அதே சாமான். கூட ஒரு வெடியைக் கட்டிவிடுகிறார்கள். ஒன்றின் அடக்கவிலை 400, 500 டாலர் என்கிறார்கள். நம் காசுக்கு ஈராயிரம் வெள்ளி சுமார். 2024-ல் உக்ரேன் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் செய்தது. பல மில்லியன் டாலர் டாங்கியை அந்த ஈராயிரம் வெள்ளி தேடிப் போய் அடிக்கிறது.

மறுபக்கம் ரஷ்யா நகரங்கள்மேல் ஏவும் ஈரானிய வகை ஷாஹித். சுமார் 200 கிலோ எடை, மோட்டார் சைக்கிள் மாதிரிச் சத்தம். விலை 20,000-லிருந்து 50,000 டாலர்வரை என்று மதிப்பிடுகிறார்கள். வானில் அதைத் தடுக்க அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை ஒன்றைச் செலவழித்தால் சுமார் 4 மில்லியன் டாலர் போச்சு. ஆகையால் உக்ரேனியர்கள் அதற்கு எதிராகப் பழைய யந்திரத் துப்பாக்கியைத் தூக்கினார்கள், பிறகு டிரோனை அடிக்கும் டிரோன் செய்தார்கள். பாதுகாப்பு அமைச்சுகளில் இன்று உட்கார்ந்து பேசுவது என்ன என்று நினைக்கிறீர்கள்? எங்கள் கூட்டத்தில் பேசுவதைத்தான். ஒன்றுக்கு எவ்வளவு, அதை இன்னும் குறைக்க முடியுமா.

சும்மா ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். உக்ரேனில் டிரோன் படைப்பிரிவுகள் தாங்கள் அடித்ததைக் காணொளியோடு பதிவு செய்தால் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு அரசாங்கத்தின் இணையக் கடையில் அடுத்த டிரோனை எடுத்துக்கொள்ளலாம். ஷோப்பி என்ற கடைச் செயலியில் காயின் சேர்ப்பதுபோல. தாய்நாட்டைக் காக்கப் போராடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் அதைப் படித்த இரவு கைபேசியில் இருந்த அந்தச் செயலியைத் திறக்க மனம் வரவில்லை.

இதற்குத் தடுப்பும் அவ்வளவு விநோதம். முதலில் அலைவரிசையைக் குழப்பினார்கள். ஓட்டுகிறவனின் கண்ணாடியில் வெறும் பனிமழை தெரியும், டிரோன் விழுந்துவிடும். உடனே மறுபக்கம் அலைவரிசையையே கைவிட்டது. டிரோனின் வயிற்றில் ஒரு கண்டு கட்டி, பத்து, இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு மயிரிழை போன்ற ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கவிட்டார்கள். பட்டம்விடுகிற மாதிரி. இழையை எந்த அலையும் குழப்ப முடியாது. போர் நடந்த வயல்களில் இப்போது சிலந்திவலைபோல அந்த இழைகள் வெயிலில் மின்னிக் கிடக்கின்றன. சாலைகளுக்கு மேலே மீன்வலை கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய மீனவர்கள் பழைய வலைகளை லோரி லோரியாக அனுப்பினார்கள். தெலுக் கும்பாரில் வலை காயப்போட்டிருக்கும் இடத்தைத் தாண்டித்தான் மாதம் ஒருமுறை மீன் வாங்கப் போகிறேன். ஒரு நகரத்துச் சடக்கு முழுக்க அந்த வலைக்கு அடியில் பஸ் ஓடுவதைக் கற்பனை செய்யப் பார்த்து, முடியாமல் போயிருக்கிறது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பாட்டி எங்களைத் திட்டும் பெரிய சொல் 'எம்டன்'. "சரியான எம்டன் இவன்!" தமிழ்நாட்டிலும் அந்தச் சொல் உண்டு, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர். அதே கப்பல் ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடிகாலையில், எங்கள் ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குள் வந்தது என்பது எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் தெரியும். மூன்று புகைபோக்கி உள்ள கப்பல் அது. நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டு, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் கட்டி நுழைந்து, நங்கூரம் போட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. ரஷ்யக் கேப்டன் அன்றிரவு கரையில். 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்; வெஸ்டர்ன் சாலைக் கிறிஸ்தவக் கல்லறையில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் எம்டன் முடித்தது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதன் கதை முடிந்தது எப்படித் தெரியுமா? அங்கிருந்த தந்தி நிலையம் 'அந்நியக் கப்பல்' என்று கம்பியில்லாத் தந்தி அடித்தது. எம்டன் தன் சொந்த அலையை எழுப்பி அந்தச் செய்தியைக் குழப்பப் பார்த்தது. முடியவில்லை. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது.

வேஷம், அலைக்குழப்பம் இரண்டும் 1914-லேயே இருந்தவை. வேறெங்கோ இருக்கும் கைபேசிகளை லெபனானின் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாக நம்பவைத்த அண்மைக்காலப் பொய் ஜிபிஎஸ் அலை, அந்த நான்காவது புகைபோக்கியின் பேரன்தான். அதனால் 'தொழில்நுட்பம் போரைத் தலைகீழாக மாற்றிவிட்டது' என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கொஞ்சம் கொட்டாவி வரும். தந்திரம் பழையது. எம்டன் தந்திரம் செய்ய ஒரு பேரரசும், முந்நூறு சொச்சம் மாலுமிகளும், கப்பல் நிறைய நிலக்கரியும் வேண்டியிருந்தது. 2025 ஜூன் 1 அன்று உக்ரேன் 117 டிரோன்களை மரக்கொட்டகைகளுக்குள் ஒளித்து, சாதாரண லோரிகளில் ஏற்றி, ரஷ்யாவுக்குள்ளேயே கொண்டுபோய், கூரையைத் திறந்து, குண்டுவீச்சு விமானங்கள்மேல் பறக்கவிட்டது. ஒரு தளம் உக்ரேனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சைபீரியாவில். பொழுதுபோக்குக்காரர்கள் எழுதி இலவசமாகப் பகிர்ந்த மென்பொருள் அதில் ஓடியதாகச் செய்திகள் வந்தன. நான்காவது புகைபோக்கி இப்போது யார் கைக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது. அதுதான் எனக்கு பயம்.

பாட்டிக்கு நேரில் தெரிந்த போர் 1941. டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் போனார்கள். கப்பலை நம்பிய காலம் அன்றோடு முடிந்தது என்று போர் வரலாற்றில் எழுதுவார்கள். மறுநாளே பினாங்கின்மேல் விமானங்கள் வந்தன. சனங்கள் ஓடி ஒளியவில்லை. வெள்ளைக்காரன் விமானம் என்று நினைத்துச் சடக்குக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கடைத்தெருவில் மூட்டை தூக்கிய தாத்தாவும் பார்த்துக்கொண்டு நின்றாராம். "அழகா வரிசையா வந்துச்சு" என்பது அவர் சொன்னதாகப் பாட்டி சொல்வது. குண்டுகள் அந்தக் கூட்டத்தின்மேல் விழுந்தன.

ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷார் போய்விட்டார்கள். ஊர் அநாதையானது. அப்போது கார்ன்வாலிஸ் கோட்டையில் ஏறி, பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக்கொடியை ஏற்றியவர் ஓர் இலங்கைத் தமிழர்: 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஊரில் குண்டு விழுவது நிற்க வேண்டும், வேறு யாரும் செய்யப்போவதில்லை. செய்தார்.

அந்தக் கொடிக்கம்பத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. வெள்ளைக்கொடி என்பது பார்க்கிறவனுக்காக ஏற்றுவது. மேலே ஒரு மனிதக் கண் இருக்கிறது, அது கொடியைப் பார்க்கும், பார்த்தால் நிறுத்தும் என்ற நம்பிக்கை. உக்ரேனில் சிப்பாய்கள் டிரோனைப் பார்த்துக் கைதூக்கிச் சரணடைந்திருக்கிறார்கள். டிரோனிடம் எப்படிச் சரணடைவது என்று உக்ரேனிய அதிகாரிகள் 2022-லேயே விளக்கம் வெளியிட்டார்கள். கேமராவின் மறுமுனையில் ஒருவன் உட்கார்ந்திருக்கும்வரை அது நடக்கும். இப்போது அலைக்குழப்பத்தை வெல்ல, கடைசிச் சில நூறு மீட்டரை டிரோனே பார்த்து ஓட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். இலக்கை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், இணைப்பு அறுந்தாலும் அது போய் இடிக்கும். அந்தச் சில நூறு மீட்டருக்குள் ஒருவன் கையைத் தூக்கினால்?

காஸாவில் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. இஸ்ரேலிய ராணுவத்தின் 'லாவெண்டர்' என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு 37,000 பேர்வரை சந்தேகப் பட்டியலில் குறித்தது என்றும், ஒரு பெயரைச் சரிபார்க்க அதிகாரிகள் சில வேளை இருபது வினாடிதான் செலவழித்தார்கள் என்றும் இஸ்ரேலியப் பத்திரிகையாளர்கள் 2024 ஏப்ரலில் எழுதினார்கள். யாரைக் கொல்வது என்பதை இயந்திரம் முடிவு செய்யவில்லை, ஆய்வாளர்களுக்கு அது ஒரு கருவி மட்டுமே என்று இஸ்ரேலிய ராணுவம் மறுத்தது. இருபது வினாடி. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிப்பைக் கழிவில் போடுவதற்குமுன் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

2023 டிசம்பரில் ஐநா பொதுச்சபையில் இப்படித் தானாக இயங்கும் ஆயுதங்கள் பற்றிக் கவலை தெரிவிக்கும் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது நான்கே நாடு. அதில் ரஷ்யாவும் இந்தியாவும் அடக்கம். 2026-க்குள் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்றார் ஐநா பொதுச்செயலாளர். போர்முனையில் ஒரு தந்திரம் பழசாவதற்குச் சில மாதம் போதும். அந்த உடன்படிக்கையைப் பற்றிப் பேசும் ஜெனீவாவில் ஒரு காற்புள்ளியை நகர்த்தவே அதைவிட நாள் பிடிக்கும்.

மருமகன் டிரோனைச் சரிசெய்து, வீட்டு முன்கூடத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுப்பிக் காட்டிய அன்று எனக்குத் தெரிந்த ஒருவர் வந்திருந்தார். இலங்கை வன்னிக்காரர், அகதி அட்டையோடு இங்கே ஓர் உணவகத்தில் வேலை செய்கிறவர். பேசிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டார். எழுந்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"தம்பியை நிப்பாட்டச் சொல்லுங்கோ அண்ணை."

நிறுத்தினான். தேத்தண்ணி குடித்தபிறகு அவரே சொன்னார். "நாங்கள் வண்டு எண்டுதான் சொல்லுவம். இரவிரவா மேல சுத்திக்கொண்டு நிக்கும். அது ஒண்டும் போடாது, சும்மா பாக்கும். அது பாத்திட்டுப் போனாப் பிறகுதான் கிபிர் வரும். கிபிரைவிட எனக்கு வண்டுக்குத்தான் பயம்."

கிபிர் என்பது இலங்கை விமானப்படையின் குண்டுவீச்சு விமானம். காஸாவில் வண்டின் சத்தத்துக்கு 'ஸன்னானா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரீங்காரம் போடுவது என்று அர்த்தம் வரும் அரபுப் பேச்சுவழக்கு. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு சனம், மேலே சுற்றியதற்கு அதன் ஒலியைக் கொண்டே பெயரிட்டிருக்கிறது. கெர்சோனில் இப்போது சைக்கிளில் போகும் கிழவியையும், பஸ்ஸுக்கு நிற்பவரையும் சிறு டிரோன்கள் துரத்திக் கொல்கின்றன. ரஷ்யப் படைகளின் அந்தத் தாக்குதல்கள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐநா விசாரணை ஆணையம் 2025 மே மாதம் சொன்னது. அங்குள்ளவர்கள் அதை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ.

மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2010-லேயே வியூக வர்த்தகச் சட்டம் வந்துவிட்டது. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களை உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது. 2025 ஜூலை 14 முதல், அமெரிக்க மூலத்தைக் கொண்ட உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சிப்புகள் இந்த நாட்டைவிட்டு வெளியே போனாலும், இந்த நாட்டின் வழியாகப் போனாலும் அனுமதி வேண்டும் என்றாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டங்கள் விலையுயர்ந்த சிப்பைத் தேடுகின்றன. ஷாஹித்துக்குள்ளும் ஈராயிரம் வெள்ளி டிரோனுக்குள்ளும் இருப்பதில் பெரும்பாலானவை துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் சிப்புகள். சுருள் சுருளாக ஆயிரக்கணக்கில் போகும். எங்கள் கதவைத் தாண்டினால் விநியோகஸ்தர், அவருக்குக் கீழே இன்னொருவர், ஹாங்காங்கில் ஒரு பெட்டிக்கடைக் கம்பெனி, அங்கிருந்து எங்கேயோ. 2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்தபோது, அவை எந்தக் கம்பெனிப் பெயரில், எந்த நாட்டு உரிமத்தில், யார் கையால் செய்யப்பட்டவை என்று உலகமே நாள்கணக்கில் தேடியது. பெட்டிமேல் இருக்கும் பெயருக்கும் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கும் உறவே இல்லாமல் போகலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது புதுச்செய்தி இல்லை. வயிற்றைப் பிசைந்தது என்னவோ உண்மை.

முன்பு வேலை செய்த இடத்தில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன்: திரும்பி வரும் சிப்புகளில், வாங்கியவர் யாரென்றே புரியாதவை இருந்தால் தனியாகக் குறித்து வைக்கலாமா? மேலதிகாரி சிரித்தார். "கத்தி செய்றவன் யார் வெட்டுறான்னு பார்ப்பானா?" கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த இடத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ஜெலுத்தோங் நெரிசலில் நின்றபோதுதான் வந்தது. கத்தி செய்கிறவன் கத்தியின் முதுகில் தேதியும் வாரமும் வரிசை எண்ணும் பொறிப்பதில்லை. நாங்கள் பொறிக்கிறோம். ஒரு கார் நடுவழியில் நின்றுவிட்டால், எந்த வாரம் எந்த இயந்திரத்தில் எந்த ஷிப்டில் அடைத்த சிப்பு என்று எங்களால் இரண்டு நாளில் சொல்ல முடியும். ஏனென்றால் காருக்காரன் பணம் கேட்பான்.

போன மாதம் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரத்தைக்கூட விடுவதில்லை. அந்த உற்சாகத்தில் அவருக்கு ஒன்று காட்டலாம் என்று தோன்றியது. மருமகனின் உடைந்த மூளை அட்டையிலிருந்து ஒரு சிப்பை எடுத்து, அமிலத்தில் கறுப்புப் பிசினைக் கரைத்து, உள்ளே இருப்பதைப் படம் எடுத்தேன். எங்கே, யாருடைய அமிலத்தில் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

கணினித் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்தேன். சிலிக்கான் துண்டைச் சுற்றி வரிசையாகக் கம்பிகள், கோலத்துக்கு இழுத்த இழைபோல. அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். வாய் எதையோ எண்ணியது.

"வளைவு நல்லா இருக்கு. எல்லாம் ஒரே உயரம்." பிறகு திரைக்கு இன்னும் கிட்டே போனார். "ஏன்டா, செவப்பா இருக்கு? இது தங்கம் இல்லையே."

"செம்பும்மா. தங்கம் விலை ஏறினதும் நிறைய இடத்துல செம்புக்கு மாத்திட்டாங்க."

"செம்பா?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ மிச்சமாகும்?"